பன்னிரண்டு மணிக்கு முக்தி!

டிர்ர்ரிங்... டிர்ர்ரிங்...

ஞாயிற்றுக்கிழமை காலை. மணி பதினொன்று ஐந்து.

இன்ஸ்பெக்டர் சரண்யாதேவி கடித்த வடையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டேஷன் போனை எடுத்தாள்.

"மேடம்... எங்கம்மா செத்துட்டாவ..."

ஒரு பெண் குரல். ரகசியமாய், மூச்சு வாங்க.

"எப்படிம்மா? எப்போ?"

"காலைல ஒம்போது மணிக்கு. வீட்ல சத்சங்கம் நடந்துச்சு. சாமி குடுத்த பாயசத்தக் குடிச்சாவ, ஊஞ்சல்ல உக்காந்தாவ, அப்படியே சாஞ்சுட்டாவ... மேடம், என்னைய அழ விட மாட்டேங்காவ!"

"என்னது?"

"நான் அழுதா ஆத்மா திரும்பிப் பாக்குமாம். வாயப் பொத்தி ரூம்ல போட்டுப் பூட்டிட்டாவ. எங்கம்மா முக்தி அடைஞ்சுட்டாவளாம். பன்னெண்டு மணிக்கு வீட்டுக்குள்ளேயே குழி வெட்டி, உக்காத்தி வச்சுப் பொதைக்கப் போறாவ! சீக்கிரம் வாங்க மேடம்... ஐயோ, யாரோ வாரா..."

டொக்!

"தேவமணி! ஜீப்பை எடுங்க!"

ஏட்டு தேவமணி ஏற்கெனவே சாவியோடு நின்றார். இருபத்தைந்து வருஷ சர்வீஸ். எதிர்முனை பேசி முடிக்கும் முன்பே முகத்தைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துவிடும் ஆசாமி.

"நம்பர் முத்தையாபுரம் பக்கம் மேடம். பலசரக்கு மொத்த வியாபாரம் பண்ணுன வீடு. அண்ணாச்சி போய்ச் சேர்ந்தாச்சு. சம்சாரம் வடிவம்மாள் மட்டும். கூட ஒரு மக, ரம்யா. மாசத்துல முத ஞாயிறு அங்கன சத்சங்கம். அமிர்தமூலர்னு ஒரு குரு. அவரு வர மாட்டாரு. சீடப்பிள்ளைகள வேன்ல அனுப்பி வைப்பாரு."

"குரு ஏன் வர மாட்டாரு?"

"வந்தா மவுசு குறைஞ்சிரும்லா!"

ஜீப் உப்பளங்களை ஒட்டிப் பறந்தது.

*

வாசலில் இருநூறு ஜோடி செருப்பு. உள்ளே இருநூறு பேர்.

ஹாலில் நடந்ததைப் பார்த்ததும் சரண்யாதேவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்!

ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் காவி வேட்டி கட்டிய சீடர் ஒருவரின் இரண்டு கால்கள். மேலே பால், பன்னீர், தேன். கீழே கலங்கலாய் ஒரு தண்ணீர்.

அந்தத் தண்ணீருக்கு க்யூ!

பட்டுச் சேலை கட்டிய பெண்கள், பேங்க்கில் வேலை பார்க்கிறவர்கள், கழுத்தில் மூன்று வரிச் சங்கிலி போட்ட வியாபாரிகள்... எல்லோரும் உள்ளங்கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, மடக் மடக்கென்று குடித்தார்கள். ஒரு தாய் தன் கைக்குழந்தையின் வாயைத் திறந்து ஊற்றினாள்.

'ஆர்.ஓ. தண்ணி இல்லைன்னா வீட்டுல சண்டை போடுற ஜனம்... தூ!'

"யார் இங்க பொறுப்பு?" அவள் குரல் பஜனையை அறுத்தது.

அறுபது வயதுக்காரர் ஒருவர் சந்தனப் பொட்டோடு ஓடி வந்தார். சத்சங்கத் தலைவர். பெயர் காசிலிங்கம். பஜாரில் பாத்திரக்கடை.

"மேடம், செருப்பு... செருப்ப வெளிய விட்டுட்டு..."

"பூட்ஸ் அண்ணாச்சி. டூட்டில கழட்ட மாட்டேன். ரம்யா எங்க?"

"அந்தப் பிள்ளை தியானத்துல இருக்கு."

"வெளிய தாழ்ப்பா போட்டா தியானம்?"

தேவமணி பின்கட்டு அறையின் தாழ்ப்பாளை விலக்கினார். முப்பது வயதுப் பெண் ஒருத்தி தடுமாறி வந்து சரண்யாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது கண்கள் வீங்கியிருந்தன. வாயைச் சுற்றி யாரோ அழுத்திய விரல்களின் தடம்.

"ஒரு தடவ எங்கம்மாவ மடில போட்டு அழணும் மேடம். அவ்வளவுதான் கேக்கேன். ஊரு ஒலகத்துல எல்லாத்துக்கும் இருக்க மாதிரி பாடை கட்டி, சுடுகாட்டுக்குக் கொண்டு போகணும். எங்கப்பாவ எரிச்ச எடத்துலயே எரிக்கணும்."

"உங்க அம்மாவுக்கு ஏதாவது வியாதி?"

"ஒண்ணும் இல்ல. நேத்து ராத்திரி எட்டு ஆப்பம் சாப்பிட்டாவ!"

"சொத்து?"

ரம்யா கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு வாரத்துக்கு முன்ன இந்த வீட்ட ஆசிரமத்துக்கு எழுதிக் குடுத்துட்டாவ. அவுக காலத்துக்குப் பெறவு ஆசிரமத்துக்கு. நான் சண்டை போட்டேன். 'நீ போ ளா, ஒனக்கு என்ன தெரியும்'னுட்டாவ."

சரண்யாதேவி நிமிர்ந்தாள். வீட்டுக்குள்ளேயே சமாதி! அதன் மேலே ஒரு லிங்கம்! அப்புறம் எந்தக் கோர்ட் வந்து இந்த வீட்டைத் திருப்பித் தரும்?

மணி 11.32.

*

பின்முற்றத்தில் குழி தயார்.

நான்கு அடி சதுரம், ஆறடி ஆழம். அதற்குள் வடிவம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பலகை. நெற்றி நிறைய விபூதி. தலை சாயாமல் இருக்க, தாடையோடு சேர்த்து ஒரு காவித் துணிக் கட்டு. கழுத்துக்கு மல்லிகை மாலை. இரண்டு பேர் சாக்கு சாக்காக வெள்ளை உப்பைச் சுற்றிலும் கொட்டிக்கொண்டிருந்தார்கள். உப்பு இடுப்பைத் தாண்டிவிட்டது.

"நிறுத்துங்கலே!"

குழியின் ஓரத்தில் நின்ற சீடர் மெல்லத் திரும்பினார். நெட்டை. நாற்பது வயது. தாடிக்குள் ஒரு புன்னகை. பெயர் சதாமயானந்தா.

"அமைதி, மகளே. இது மரணம் அல்ல. பூரணம். முக்தி அடைந்த உடலைச் சுடக்கூடாது. உப்பும் விபூதியும் இட்டு அமர்த்த வேண்டும். இது தொன்றுதொட்டு வரும் முறை."

"போஸ்ட்மார்ட்டம் பண்ணணும். அதுவும் தொன்றுதொட்டு வர்ற முறைதான். செத்துட்டாங்கன்னு யாரு சொன்னது?"

"எங்கள் சகோதரர் பூர்வாசிரமத்தில் மருத்துவர்." பக்கத்தில் நின்ற குண்டுச் சீடரைக் காட்டினார்.

"என்ன டாக்டர்?"

குண்டுச் சீடர் தலையைக் குனிந்தார்.

"பல் டாக்டர்."

தேவமணி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

காசிலிங்கம் குறுக்கே பாய்ந்தார். "மேடம், மகான்கள்ட்ட இப்படிப் பேசாதீய! சாமி அந்தப் பாயசத்த முதல்ல தன் வாயில வச்சுட்டுத்தான் அம்மாவுக்குக் குடுத்தாரு. நாங்க எல்லாரும் பாத்தோம். வெஷம்னா சாமிக்கில்லா முதல்ல ஆயிருக்கும்?"

"எச்சில் பாயசம்?"

"எச்சில் இல்ல மேடம், பிரசாதம்!"

ஓர் ஆளின் எச்சிலை ஒருத்தி வாங்கிக் குடிக்க, இருநூறு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்த்த லட்சணம் அவளுக்குக் கண்முன்னே விரிந்தது. துப்ப இடம் தேடினாள். கிடைக்கவில்லை. எங்கு பார்த்தாலும் பூ!

"நல்லநேரம் தப்புகிறது," சதாமயானந்தா கையை உயர்த்தினார். "பக்தர்களே, குருவின் ஆணை. காவலர் தடுத்தாலும் கைங்கரியம் நிற்கக்கூடாது!"

கூட்டம் கைகோத்துக் குழியைச் சுற்றி வளையமாய் நின்றது. "அமிர்தமூலா! அமிர்தமூலா!" உப்பு மறுபடி விழ ஆரம்பித்தது.

"கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லுங்க. ஃபோர்ஸ் வரட்டும். நூத்தியெட்டையும் கூப்பிடுங்க," என்று சரண்யாதேவி பல்லைக் கடித்தாள்.

"வர இருபது நிமிஷம் ஆகும் மேடம்."

மணி 11.41.

*

உப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சரண்யாதேவி பின்சந்துக்கு விரைந்தாள்; அங்கே ஒரு மினி லாரி நின்றது. டிரைவர் ஹாமிது, காயல்பட்டினத்துக்காரன், காலிச் சாக்குக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

"உப்பு நீ கொண்டு வந்ததா?"

"ஆமா மேடம். முப்பது சாக்கு. காலிச் சாக்கத் தந்தா நான் போயிருவேன். உள்ள என்ன நடக்குன்னே தெரியாது, அல்லா மேல சத்தியமா!"

"எப்போ இறக்குன?"

"நேத்து. சனிக்கிழமை காலைல."

சரண்யாதேவியின் புருவம் ஏறியது.

"நேத்தா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"பில்லு இருக்கே! அந்த நெட்டைச் சாமி வியாழக்கிழமையே போன் போட்டாவ. வெள்ளையா, தூளா வேணும்னாவ. கல்லுப்புன்னா மலிவா தாரேன்னேன். கேக்கல. எதுக்கு இவ்வளவு உப்புன்னு கேட்டதுக்கு, யாகம்னாவ."

வடிவம்மாள் இறந்தது ஞாயிறு காலை. உப்பு வந்தது சனிக்கிழமை. சொன்னது வியாழக்கிழமை!

'முக்திக்கு அட்வான்ஸ் புக்கிங்!'

அவள் உள்ளே ஓடினாள். வளையத்தின் ஓரத்தில் தேவமணி குழியை எட்டிப் பார்த்தபடி மரமாய் நின்றார். வேர்த்திருந்தது.

"தேவமணி, இது கொலை. உப்பு நேத்தே..."

"மேடம்... ஒரு நிமிஷம். அந்தம்மா மூக்குக்குக் கீழ பாருங்க."

உப்புத் தூள் புகையாய்ப் பறந்து வடிவம்மாளின் முகமெல்லாம் படிந்திருந்தது. கன்னத்தில், நெற்றியில், தாடையில் எல்லாம் பொடிப்பொடியாய், வெள்ளையாய். மேலுதட்டில் மட்டும்...

"கசிஞ்சு இருக்கு மேடம். எங்கம்மா அளத்துல உப்பு வாரி என்னைய வளத்தவ. தூள் உப்பு ஈரக்காத்து பட்டாத்தான் இப்படி இளகும். முகத்துல வேற எங்கயும் ஈரம் இல்ல. மூக்குக்கு நேர் கீழ மட்டும் ஈரம்னா..."

"மூச்சு!!"

சரண்யாதேவி யோசிக்கவில்லை. வளையத்தை முட்டிப் பிளந்தாள். யாரோ சட்டையைப் பிடித்தார்கள். பித்தான் தெறித்தது. குழிக்குள் குதித்தாள். கழுத்தில் விரலை வைத்தாள்.

மிக மெல்ல... டுக். ...டுக்.

"உயிர் இருக்கு! ஏலே, இவங்க சாகல! உயிரோட பொதைக்கிறீங்கலே!"

பஜனை பட்டென்று நின்றது.

"பொய்!" என்றார் சதாமயானந்தா. அவர் கண் வாசலைத் தேடியது. அதற்குள் தேவமணி ஓடிப்போய் வாசலில் லத்தியோடு நின்றார்.

ரம்யா அலறிக்கொண்டே குழிக்குள் இறங்கினாள். அம்மாவின் தாடைக் கட்டை அவிழ்த்தாள். ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்தாள். உப்பு கண்ணுக்குள் இறங்கியது.

"அம்மா! எம்மா! கண்ண முழிம்மா! நான் ரம்யா வந்திருக்கேம்மா! ஒன்னைய விட்டா எனக்கு யாரும்மா இருக்கா!"

இமை துடித்தது. ஓர் இருமல். இன்னோர் இருமல்.

வடிவம்மாள் கண்ணைத் திறந்தாள்!

"செத்தவ எந்திரிச்சுட்டா!" என்று யாரோ கத்த, இருநூறு பேரும் தடதடவென்று மண்ணில் விழுந்தார்கள். காசிலிங்கம் சதாமயானந்தாவின் காலைக் கட்டிக்கொண்டார். "சாமி! உயிரக் குடுத்துட்டியளே சாமி!"

சதாமயானந்தாவின் தாடிக்குள் போன புன்னகை திரும்பி வந்தது. கையை ஆசீர்வாதமாய்த் தூக்கினார்.

"குருவருள்..."

 கொல்லப் பார்த்தவனே கடவுளாகிவிட்டான்!

அப்போது வடிவம்மாள் குழறிய நாக்கால் பேச ஆரம்பித்தாள். மனப்பாடம் பண்ணிய பிள்ளை பள்ளி மேடையில் ஒப்பிப்பது மாதிரி...

"பக்தர்களே... பயப்படாதீர்கள்... நான் மேலே போனேன். குருநாதரைத் தரிசித்தேன். 'நீ திரும்பிப் போ வடிவு... இனி நீயே என் பீடம்... நீயே எல்லாருக்கும் அம்மா' என்று சொல்லி என்னை அனுப்..."

நிறுத்தினாள். கீழே பார்த்தாள். உப்பு. சுற்றிலும் பார்த்தாள். மண் சுவர்.

"ஏய்... என்னது இது? ஏன் குழிக்குள்ள இருக்கேன்?"



"ஏலே சாமி! ஊஞ்சல்லல்லா எந்திரிக்கணும்னு சொன்ன? பாயசத்தோட ரகசியமா முழுங்கக் குடுத்தது ஒரு மணி நேரம் தூங்குத மாத்திரைன்ன! மூணு சங்கு ஊதி எழுப்புதேன்ன! என்னைய அம்மா ஆக்குதேன்னு சொல்லிட்டு, பாவி, பொதைக்கவா பாத்தே!"

விழுந்து கிடந்த இருநூறு தலைகளும் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன. காசிலிங்கத்தின் கை சாமியின் காலிலிருந்து மெல்ல நழுவியது.

சரண்யாதேவிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. செத்துப் பிழைத்து அம்மனாக ஆசைப்பட்டவள் வடிவம்மாள். நாடகத்தின் முதல் பாதியை மட்டும் நடத்திவிட்டு வீட்டை அமுக்கப் பார்த்தவன் சதாமயானந்தா. இவர்களில் யாரை முதலில் வெறுப்பது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

ரம்யா அம்மாவின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்போ... ஒனக்குத் தெரிஞ்சுதான் படுத்தியா?"

"ஒரு மணி நேரந்தாம் ளா..."

"நான் தலைல அடிச்சிக்கிட்டு அழுவேன்னு தெரியாதா?"

வடிவம்மாள் மகளைப் பார்க்காமல் சேலையில் ஒட்டிய உப்பைத் தட்டினாள்.

"நீ நெசமா அழுதாத்தான சனம் நம்பும்? ஒனக்குத்தான் நடிக்க வராதே ளா..."

ரம்யா குழியிலிருந்து ஏறினாள். கையிலிருந்த ஈரத்துண்டைக் கீழே போட்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"எம்மா, நீ செத்ததுக்கு நான் இன்னைக்கே அழுது முடிச்சுட்டேன். இனிமே நெசமாவே செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாத."

போயே போய்விட்டாள்.

தெருவில் சைரன் கேட்டது. தேவமணி சதாமயானந்தாவின் கையில் விலங்கை மாட்டினார். பல் டாக்டர் சுவர் ஏறிக் குதித்து, ஹாமிதுவின் லாரியில் சரியாக விழுந்து, காலை ஒடித்துக்கொண்டார். வடிவம்மாளை ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். அப்போதும் இரண்டு பெண்கள் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்!

காசிலிங்கம் தயங்கித் தயங்கி ஜீப் அருகே வந்தார்.

"மேடம்... இவுக ரெண்டு பேரையும் எங்க வப்பீய?"

"அந்தம்மா மொதல்ல ஆஸ்பத்திரி. சாமி நேரா லாக்கப். எதுக்குக் கேக்கீங்க அண்ணாச்சி?"

"இல்ல... அடுத்த மாச சத்சங்கத்துக்கு நோட்டீஸ் அடிச்சாச்சு. எடம் மட்டும் ஸ்டேஷன்னு மாத்திப் போட்டுக்கிடலாமான்னு..."

சரண்யாதேவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஜீப் கதவைச் சாத்தினாள்.

"தாராளமா வாங்க அண்ணாச்சி! ஆனா மௌன விரதம் மட்டும் எங்ககிட்ட நடக்காது. தேவமணி லத்தியை எடுத்தா, ஊமைச்சாமியே உபன்யாசம் பண்ணுவாரு!"