காலியாக விட்ட ஸ்டெப்

குத்தாலத்து வாடகை வீட்டில் மிச்சம் இருந்தவை ஒரு மரக்கட்டிலும், துணி போர்த்திய கீபோர்டும்தான். மழைக்காலச் சாயங்காலம். கொல்லைக்கு அப்பால் நட்ட வயலில் தண்ணீர் தளும்பி நின்றது. ஈரச் சுவரின் வாடைக்குள் எங்கோ தமிழ்மாறன் தேய்க்கும் தைலமும் மணந்தது.

செத்து ஒரு வருஷம் ஆகப்போகிற புருஷனுக்கு ஏது தைலம்! செம்மொழி தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாசலில் தம்பி ராஜ்குமார் வேனில் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்தான். "அக்கா, சீக்கிரம் வாக்கா. இருட்டுறதுக்குள்ள தஞ்சாவூர் போயிடணும்."

"மாமா மெட்ட முடிச்சிட்டு வந்துடறேன்டா."

பாதி மெட்டில்தான் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இதே கட்டிலில் சாய்ந்தான். அதை முடித்துத் திதியன்று அவன் படத்துக்கு முன்னால் ஓடவிட்டால்தான் அவன் நிம்மதியாகப் போவான் என்று அவள் நம்பினாள். அவளுக்கோ, அவன் பாடிக் காட்டியிருந்த மிச்ச மெட்டு நாளுக்கு நாள் மறந்துகொண்டே வந்தது.

கச்சேரியில் இரண்டு கையாலும் விளாசுகிறவள், கீபோர்டே திருப்பி வாசிக்கும்படி அதன் சீக்வென்சரில் மெட்டு ஏற்றும்போது மட்டும் ஒற்றை விரல்காரி. கட்டிலில் படுத்தபடி அவன் ஒரு ஸ்வரம் முனகுவான். அவள் ஒரு கட்டையை அழுத்துவாள். ஒரு ஸ்வரத்துக்கு ஒரு ஸ்டெப் என்று மெட்டு நகரும். ஸ்டெப்பைக் காலியாக விட வேண்டுமானால், கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு. வேறு பேச்சே கிடையாது.

கீபோர்டை உயிர்ப்பித்தாள். பாதி மெட்டு ஓடி நின்றது. நினைவில் இருந்ததை அழுத்தினாள். சரியாக வந்தது. அடுத்ததற்கு விரலை நீட்டினாள்.

டக். டக்.

ஓட்டிலிருந்து சொட்டுகிறது என்று நினைத்து அழுத்திவிட்டாள். கேட்டுப் பார்த்தால் மெட்டு கோணியது. அழித்து, அந்த ஸ்டெப்பைக் காலியாக விட்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

அவள் கட்டையிலிருந்து விரலை எடுத்தாள்.

"நீங்களா?"

தைல வாடை கழுத்தருகே வந்தது.

அவள் திரும்பவில்லை. ஒற்றை விரலால் ஏற்றிக்கொண்டே போனாள். தப்பாகப் போன இடத்திலெல்லாம் முதுகுக்குப் பின்னால் தட்டு விழுந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் 'இது வேண்டாம்' என்று சொல்லக்கூட அவளுக்கு ஆள் இருந்ததில்லை.

கடைசியாக ஒரு 'ஸ' மட்டும் பாக்கி. அதோடு மெட்டு முடிந்துவிடும்.

டக். டக்.

"இது கடைசிங்க. முடிச்சிட்டா நீங்க நிம்மதியாப் போயிடலாம்."

டக். டக்.

யாரோ எழுந்து உட்கார்ந்ததுபோல் கட்டில் கிறீச்சிட்டது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவனுக்குப் போக மனமில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசி ஸ்டெப்பைக் காலியாகவே விட்டு, கீபோர்டை அணைத்தாள். கட்டிலைப் பக்கத்து வீட்டுப் பூவம்மாளுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

தஞ்சாவூரில் திதியன்று மத்தியானம், படத்துக்கு முன்னால் மெட்டை ஓடவிட்டாள். அது முடியாமல் அந்தரத்தில் நின்றது.

"என்னக்கா, கடைசில ஒண்ணு விட்டுப்போச்சே," என்றபடி ராஜ்குமார் கட்டையை நோக்கி விரலை நீட்டினான்.

"வேண்டாம்டா!"

கட்டில் இல்லாத அந்த வீட்டில், மரத்தில் விழுகிற தட்டு கேட்டது.

டக். டக்.

ராஜ்குமாரின் விரல் கட்டைக்கு மேலேயே நின்றுவிட்டது. முகம் வெளுத்தது.

"அக்கா... என் கைய யாரோ புடிச்சிருக்காங்க."