லெஸ்லி போகாத கச்சேரி

வாசலில் நின்றிருந்த டெல்பின், பெர்னதெத்தின் வலது காதுக்குப் பின்னால் நினைவைச் சோதிக்கும் அந்தச் சிறிய கருவியை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. "பத்திரமா இருக்கு அக்கா" என்று சிரித்துக்கொண்டே முன்வரிசையைக் காட்டினாள். பின்னால் வந்த பெர்னதெத்தின் கணவர் லெஸ்லி மச்சாடோவுக்குக் கருவியை வைக்கவே இல்லை. அவரிடம் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது என்பது ரசிகர் மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும்.

லெஸ்லி வழக்கம்போல் பின்வரிசைக்குப் போய், மின்விசிறிக்கு நேர்கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தின் சரக்குக் கொட்டகை அது. கடற்சுவர் எழும்பிய பிறகு கப்பல் வராமல் போன அந்த இடத்தில்தான் ஒவ்வொரு ஆண்டும் ஆன்சன் கொரைராவின் நினைவு நாளில் 'உப்பளம்' ரசிகர்கள் கூடினார்கள். முன்வரிசை சாட்சிகளுக்கு. ஆன்சனின் கடைசிக் கச்சேரியை நேரில் பார்த்தவர்கள், அந்த நினைவை இன்னும் தலைக்குள் வைத்திருப்பவர்கள், அங்கே உட்காரலாம். மற்றவர்கள் கேட்பவர்கள். கருவி வைத்துச் சோதிக்கவேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. நினைவை யாருக்கோ கொடுத்துவிட்டு, கொடுக்காததுபோல் முன்னால் வந்து உட்கார்ந்த சிலர் பிடிபட்டிருந்தார்கள்.

'உப்பளம்' இந்த ஊரின் ராக் குழு. ஒரு டிரம்ஸ், இரண்டு கிதார், ஒரு பேஸ், அவற்றுக்கு மேல் ஆன்சனின் குரல். மணலை வாயில் போட்டு மென்றதுபோல் கரகரத்துத் தொடங்கும் அந்தக் குரல் உச்சிக்குப் போகும்போது கண்ணாடிபோல் தெளிந்துவிடும். கடல் ஊருக்குள் ஏறிவந்த ஆண்டுகளில், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் எல்லாம் அந்தக் குரலைக் காதில் மாட்டிக்கொண்டுதான் போனார்கள். கச்சேரிக்கு வருபவர்கள் வாசலில் கைபேசியை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்பது ஆன்சன் போட்ட சட்டம். ஆகவே ஆல்பங்கள் மிஞ்சின, கச்சேரிகள் மிஞ்சவில்லை. கடைசிக் கச்சேரி முடிந்த சில நாட்களில் அவன் ஏறிப்போன படகு கவிழ்ந்தது. அன்று மாலை அவன் எப்படிப் பாடினான் என்பது இப்போது சிலருடைய மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது.

லெஸ்லிக்குப் பொறுக்காத விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் பெர்னதெத்துக்கு 'உப்பளம்' என்றால் என்னவென்றே தெரியாது. மணப்பாட்டிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் அவளை உட்காரவைத்து, ஒவ்வொரு ஆல்பமாகப் போட்டுக்காட்டி, எந்தப் பாட்டு எப்போது எழுதப்பட்டது, எந்த இடத்தில் கிதார் மாறுகிறது என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கடைசிக் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் எடுத்ததும் அவர்தான். அன்று மதியம் கடல்நீர் ஆலையில் குழாய் வெடித்து, பணிநேரம் முடிந்தும் அவரை வெளியே விடவில்லை. நீயாவது போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவர்தான் போனில் சொன்னார். அவள் போனாள், பார்த்தாள், சாட்சியானாள். அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொட்டகை மேடையில் பெர்னதெத் பேச எழுந்தாள். பாதிப் பாட்டில் மின்சாரம் போனதையும், ஆன்சன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடையின் ஓரத்துக்கு வந்து வெறும் குரலில் மீதியைப் பாடியதையும் சொன்னாள். எல்லா ஆண்டும் சொல்வதுதான். ஆனால் அந்த மாலைக்குள் அவள் நுழையும் கணத்தில் அவள் முகம் மாறும். நெற்றிச் சுருக்கம் அவிழும், உதட்டோரத்தில் ஏதோ ஒன்று ஒளிந்து விளையாடும். லெஸ்லி தன் கல்யாண வாழ்க்கை முழுவதும் அந்த முகத்தைத் தேடியிருக்கிறார். பிள்ளை பிறந்தபோதுகூட அது வரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு செத்துப்போன பாடகனுக்காக மட்டும் வந்தது.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் அவர் பல ஆண்டுகளாகக் கேட்ட கேள்வியை மறுபடியும் கேட்டார். அவன் உன்னைப் பார்த்தானா என்று. அத்தனை கூட்டத்தில் அவன் யாரைப் பார்த்திருப்பான் என்று அவள் சொன்னாள். அதுவும் பழைய பதில்தான். பிறகு ஏன் முகம் அப்படி மாறுகிறது என்று அவர் விடாமல் கேட்க, அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, எப்போதும்போல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்துக்கிடுங்க" என்றாள்.

"என்னத்த?"

"அந்தச் சாயங்காலத்த. செத்த மனுசனோட சேத்து வச்சு என்னயச் சந்தேகப்படுதீய. எத்தன தடவதான் நானும் சொல்ல? கைமாத்து பண்ணிக்கிட்டு நீங்களே பாத்துக்கிடுங்க. அதோட இந்த வீட்டுல நிம்மதி வருமா?"

வரும் என்று லெஸ்லி சொன்னார். சொல்லும்போது அவர் உண்மையாகவே அப்படி நம்பினார்.

நினைவை ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாற்றுவது அந்தக் காலத்தில் பல் பிடுங்குவதைப்போல் சாதாரணமாகிவிட்டிருந்தது. அரசாங்கம் அதை நினைவுப் பெயர்ப்பு என்றது, டாக்டர்கள் மெமரி டிரான்ஸ்பர் என்றார்கள், ஊர் கைமாத்து என்றது. கடனாகக் கைமாத்து வாங்கினால் வாங்கியபடியே திருப்பிக் கொடுத்துவிடலாம். இது அப்படியல்ல. நினைவுக்குப் பிரதி கிடையாது. வாங்கியவருக்கு வந்துவிடும், கொடுத்தவரை விட்டுப் போய்விடும். நடந்தது என்று கொடுத்தவருக்குத் தெரியும், ஆனால் யாரோ சொல்லிக் கேட்டதுபோல் தெரியும்.

கைமாத்து நிலையத்தில் இருந்த பெண் மருத்துவர் இருவரையும் உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். பிறகு எப்போதாவது மனம் மாறித் திருப்பிக் கொடுக்க நினைத்தால் கொடுக்கலாம், ஆனால் அது போனபடி வராது என்றார். நினைவு எந்தத் தலையில் தங்குகிறதோ அந்தத் தலையின் உணர்ச்சி அதன்மேல் படிந்துவிடும். அதற்குப் படிவு என்று பெயர். படிவைச் சுரண்டி எடுக்க இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. பெர்னதெத் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். லெஸ்லி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன்போல் காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் படுத்து அந்த மாலையைத் திறந்தார்.

முதலில் வந்தது காற்று. கச்சேரி நடந்த அலைத்தடுப்பு மைதானத்தின் காற்று, ஈரமாக, புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு. கழுத்தில் வேர்வை. வெயில் சாய்ந்து கூட்டத்தின் தலைகள் எல்லாம் செம்பு நிறமாக இருந்தன. மேடையில் யாரோ டிரம்ஸைத் திருகிக்கொண்டிருந்தார்கள். ஆன்சன் இன்னும் வரவில்லை.

ஆன்சன் வராமலேயே நெஞ்சு நிரம்பியிருந்தது. லெஸ்லிக்கு அது புரியவில்லை. எதற்காக இவ்வளவு சந்தோஷம்? இன்னும் ஒரு சுரம்கூட ஒலிக்கவில்லையே. அவளுடைய கண் வழியாக அவர் தேடினார். அவள் பார்வை பக்கத்து நாற்காலிக்குப் போனது. அவருக்காக எடுத்த நாற்காலி. காலி. அவள் தன் கைப்பையை அதன்மேல் வைத்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் பாதத்தைப் புதைத்தாள். அப்போது அவளுக்குள் ஒன்று சொல்லாகவே ஓடியது: பக்கத்தில் யாரும் இல்லை. இந்தப் பாட்டு இப்படி, அந்தப் பாட்டு அப்படி என்று சொல்ல யாரும் இல்லை. பிடித்திருக்கிறதா என்று முகத்தைப் பார்க்க யாரும் இல்லை. பிறந்ததிலிருந்து அவள் கூட வந்தவர் யாருமில்லாமல் ஓரிடத்தில் உட்கார்ந்ததே அன்றுதான் முதல் தடவை.

அதன்பிறகு ஆன்சன் வந்தான். பாடினான். மின்சாரம் போயிற்று, மைக்கை வைத்தான், மேடை ஓரத்துக்கு வந்தான். அந்த வெறும் குரல் கூட்டத்தின்மேல் போனபோது லெஸ்லியின் உடம்பு சிலிர்த்தது. இத்தனை ஆண்டுகள் எதற்காக ஏங்கினாரோ அது கிடைத்துவிட்டது, ஏங்கியதைவிடப் பெரியதாகவே கிடைத்தது. அவள் அழுதாள். ஆன்சன் அவள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவர் அந்த மாலையைப் பலமுறை திறந்து, அந்த ஒரு பார்வைக்காக அணு அணுவாகத் துழாவினார். அப்படி ஒன்று இருந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு ஆளை வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அங்கே இருந்தது அவர் இல்லாத நாற்காலி மட்டும்தான்.

அவள் ஏன் இத்தனை ஆண்டுகள் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்தாள் என்று அவருக்கு அப்போது விளங்கியது. அவரை வருத்தக்கூடாது என்று சுவரைப் பார்த்திருக்கிறாள்.

பெர்னதெத் நன்றாகத்தான் இருந்தாள். சமைத்தாள், தூங்கினாள், மகளோடு போனில் சிரித்தாள். ஒருநாள் வானொலியில் அந்தக் கடைசிப் பாட்டின் ஆல்பம் வடிவம் வந்தது. அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. பாட்டு நல்லா இருக்கு என்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னாள். கூடத்தில் இருந்த லெஸ்லி எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

அடுத்த நினைவு நாளில் டெல்பின் பழக்கத்தில் பெர்னதெத்தின் காதோரம் கருவியை வைத்தாள். விளக்கு எரியவில்லை. மறுபடியும் வைத்தாள். "ஒங்க அண்ணன்கிட்ட வச்சுப் பாரு" என்று பெர்னதெத் புருஷனைக் காட்டிச் சொல்லிவிட்டு, டெல்பின் முகத்தைப் பார்க்காமல் பின்வரிசைக்கு நடந்தாள். லெஸ்லிக்குப் பச்சை எரிந்தது. டெல்பின் விளக்கை இன்னொருமுறை பார்த்துவிட்டு முன்வரிசையைக் காட்டினாள்.

அவர் எழுந்து பேசினார். காற்றையும் செம்பு நிற வெயிலையும் வெறும் குரலையும் சொன்னார். அவர் ஆயுள் முழுக்க ரசிகராக இருந்தவர், பாட்டின் நுணுக்கம் தெரிந்தவர், ஆகவே பெர்னதெத்தைவிட நன்றாகவே சொன்னார். கொட்டகை முழுவதும் மூக்கை உறிஞ்சியது. பாட்டுக்கு முன்னால் இருந்ததை அவர் சொல்லவில்லை. சொல்லி முடித்து நிமிர்ந்தபோது, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அவள் தாடை இறுகியிருந்தது. கண் அவர் வாயைவிட்டு அகலவில்லை, தன் தட்டிலிருந்து இன்னொருவர் எடுத்துச் சாப்பிடுவதைப் பார்க்கிறவள்போல. அந்தப் பார்வையைக் கண்ணாடியில் பார்க்காமலேயே லெஸ்லிக்கு அடையாளம் தெரியும். அது அவருடையது.

ஓட்டுநர் இல்லாத தானோட்டி பஸ்ஸில் அவள் முன்னிருக்கையில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து காபி போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இத்தன வருசமா அங்க நின்னு நான் சொல்லியிருக்கேன். இன்னைக்கு நீங்க சொன்னதக் கேட்டேன். நல்லாத்தான் சொன்னீய. ஆனா அதுக்கா என் மொகம் அப்படி மாறுச்சு? ஒரு பாட்டுக்கா?"

லெஸ்லி டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"இல்ல" என்றார். "அவன் வாறதுக்கு முந்தியே நீ சந்தோசமா இருந்த."

"ஏன்?"

"நான் வரல. அதான்."

அவள் உடனே மறுப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் மறுக்கவில்லை. ஊர்பேர் தெரியாத ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வதைக் கேட்பதுபோல் குனிந்து, கவனமாகக் கேட்டாள். செருப்பைக் கழற்றினாளா, மணல் சூடாக இருந்ததா என்றெல்லாம் கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பக்கத்தில் பேச ஆளில்லை என்று அவள் நினைத்ததைச் சொன்னபோது மட்டும் அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார். பெர்னதெத் நாற்காலியில் சாய்ந்தாள்.

"அப்படி ஒண்ணு என்கிட்ட இருந்திருக்கு" என்றாள் மெதுவாக. "அதப் போயி ஒங்களுக்குத் தூக்கிக் குடுத்திருக்கேன்."

திருப்பித் தந்துவிடுகிறேன், நாளைக்கே போவோம் என்று அவர் சொன்னார். சொன்னபோதே மருத்துவர் விளக்கியது இருவருக்கும் ஞாபகம் வந்தது. ஓர் ஆண்டு முழுக்க அவர் அதைத் திறந்து திறந்து பார்த்து அழுதிருக்கிறார். அந்தக் காலி நாற்காலியின்மேல் இப்போது அவருடைய வலி உப்பாகப் படிந்திருக்கும். அது அவளிடம் திரும்பி வந்தால் அந்த மாலையில் புருஷனும் கூடவே உட்கார்ந்திருப்பார்.

"வேண்டாம்" என்றாள் பெர்னதெத். "ஒங்க அழுகையோட சேத்து வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? அத நீங்களே வச்சிக்கிடுங்க."

எழுந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். தலையை ஒருமுறை வாரிக்கொண்டாள். கடற்சுவர்வரை போய்விட்டு வருவதாகச் சொன்னாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. லெஸ்லி பழக்கத்தில் எழுந்து சட்டையைத் தேடினார். சுவர்மேல் நடக்கும்போது எந்த இடத்தில் காற்று நன்றாக இருக்கும் என்று சொல்ல வாய் திறந்தார். அவள் படியில் நின்று, திரும்பாமல் காத்திருந்தாள்.

அவர் சட்டையைக் கொடியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். நீ போய்ட்டு வா என்றார்.

அவள் தெருவில் இறங்கினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் முதலில் மெதுவாகத்தான் நடந்தாள், யாரோ கூப்பிடுவார்கள் என்பதுபோல. யாரும் கூப்பிடவில்லை. முனை திரும்பும் இடத்தில் தோள் தளர்ந்தது, கைகள் வீசத் தொடங்கின. அந்த நடை உள்ளே எப்படி இருக்கும் என்று உலகத்தில் இன்னொரு ஆளுக்குத் தெரியும் என்றால் அது லெஸ்லிக்குத்தான். அவர் நெஞ்சுக்குள் அந்த மாலை தானாகத் திறந்து, அவளோடு கூடவே நிரம்பியது. கூடவே பழைய எரிச்சலும் எழுந்தது. அதை யார்மேல் வைப்பதென்று அவர் ஜன்னலோரம் வெகுநேரம் தேடிப் பார்த்தார். தெருவில் ஒருவரும் இல்லை.