பாய்லரில் மாட்டிய அட்டை

காலை 9.10. குன்னத்தூர் சாலையில் சாமியப்பனின் பனியன் கம்பெனி. துணி தேய்க்க நீராவி தரும் பாய்லர் வெடித்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. அதன் பின்னால் இருந்த சின்ன அறையில் பேக்கிங் செய்துகொண்டிருந்த மாரிச்செல்வத்தின் உடலைப் போர்வையில் சுற்றி வெளியே கொண்டுவந்தார்கள். சங்கரன்கோவில்காரன். முப்பது வயது.

சப்-இன்ஸ்பெக்டர் வேல்விழி இடிந்த அறைக்குள் நுழைந்தார். சுவரில் ஏசி பாதி கழன்று தொங்கியது. தரையில் மேசை ஒன்று கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. பாய்லரின் முன்பக்கக் குழாயில் ஓர் அட்டை. ஐந்தாம் தேதி சோதனைக்கு வந்தவர் ஆங்கிலத்தில் எழுதி மாட்டியது: 'லேட்டண்ட் டிஃபெக்ட், பின்பக்கம்.'

"இதைப் படிச்சீங்களா?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. பையன்தான் படிச்சுச் சொன்னானுங்க," என்றார் சாமியப்பன்.

மகன் நித்தீஷ் எம்.பி.ஏ. படித்தவன். "குறை இருக்குதான்னு தெளிவாத் தெரியலைன்னு அர்த்தம்னு நெனச்சேனுங்க, மேடம். பழக்கமில்லாத வார்த்தைங்க."

நம்பக்கூடிய பதில்தான். வேல்விழியே செல்போனில் தேடித்தான் பொருள் கண்டார். குறை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கிறது.

11.30. முன் ஆபீஸ். மின்விசிறிக்குக் கீழே நித்தீஷின் மேசை.

"இது பின்னாடி ரூம்ல இருந்ததுதானே? எப்ப மாத்துனீங்க?"

"ஆறாந்தேதிங்க."

"ஏன்?"

"பாய்லர் சூடு தாங்கலீங்க."

"சூடு தாங்காதவர் ஏசி ரூமை விட்டுட்டு ஃபேனுக்கு அடியில வந்து உக்காருவாரா? அஞ்சாந்தேதி அட்டை. மறுநாளே நீங்க எடம் மாறிட்டீங்க. வார்த்தை நல்லாவே புரிஞ்சிருக்கு. அந்த ரூமை மாரிச்செல்வத்துக்குக் குடுத்தது யாரு?"

நித்தீஷ் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தான்.

"நான்தானுங்க. வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட்டுங்க. சொன்னா அப்பா பாய்லரை நிறுத்தியிருப்பாருங்க. அதுவரைக்கும் தாங்கும்னு…"

"தெரிஞ்சே ஒரு ஆளை உக்கார வெச்சியா, கண்ணு?" என்றார் சாமியப்பன்.

மாலை 5.20. பிணவறை வாசலில் மாரிச்செல்வத்தின் மனைவி பேச்சித்தாய் வந்து இறங்கினாள். அழுது ஓய்ந்த முகம்.

"சின்ன முதலாளி ஏசி ரூம் குடுத்திருக்காகன்னு போன்ல அம்புட்டு சந்தோசமாச் சொன்னாக, மேடம். அந்தத் தம்பிக்கு அடி ஒண்ணும் படலியே?"

"படலை," என்றார் வேல்விழி.

"அந்தத் தம்பியாவது நல்லாருக்கட்டும்."

மீதியை அவளிடம் சொல்லியாக வேண்டும். வேல்விழி அவளை வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார்.