ஆறாவது லக்

காலை 9.10. மாவு மில்லின் மோட்டார் பெட்டி கரிக்கட்டையாகக் கிடந்தது. மின்துறை இன்ஸ்பெக்டர் உள்ளே கால் வைத்ததுமே, கையில் புகாரோடு நின்ற முதலாளி எலக்ட்ரீஷியன் அக்காவைக் கைகாட்டினார்.

"இந்தம்மா போட்ட கனெக்‌ஷன் சார். லைசென்ஸைப் பிடுங்கிட்டுத்தான் மறுவேலை."

அக்கா கருவிப் பையோடு ஓரமாக நின்றார். இருபது வருஷ லைசென்ஸ். போனால் வீட்டில் அடுப்பு எரியாது. இன்ஸ்பெக்டருக்கு மனசு கேட்கவில்லை. அதற்காகச் சும்மா விட்டுவிடவும் முடியாதே.

9.25. மெயினை இறக்கிவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஆறு வயர்கள். ஐந்தின் நுனியை, வயரைத் திருகில் பூட்டுவதற்கான 'லக்' எனும் செம்புக் குழல் இன்னும் கவ்விக்கொண்டிருந்தது. ஆறாவது வயர் கழன்று தொங்க, அதன் லக் மட்டும் திருகில் நின்றது. கீழே கடுகளவு ஈயத் துளிகள். மோட்டாருக்கு அடியில் சிமெண்ட் புதுசு.

"லக்கை எப்படிம்மா மாட்டுவீங்க?"

"வயரை உள்ள விட்டு, கருவியால நசுக்குவேன் சார். அவ்வளவுதான்."

"நசுக்கினா ஆச்சா?" குறுக்கே விழுந்தான் முதலாளியின் மச்சினன். மாடியில் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவன். "இழுத்தா கையோட வந்துடும். ஈயம் வெச்சாதான் சார் கெட்டி."

"இழுத்துப் பாருங்களேன்," என்றார் அக்கா.

முதலாளியே அந்த ஐந்தில் ஒன்றில் குறடு போட்டு, சுவரில் காலை ஊன்றி இழுத்தார். முகம்தான் சிவந்தது, வயர் அசையவில்லை. நெருப்பில் வெந்த பிறகும் இப்படி ஒரு பிடியா என்று இன்ஸ்பெக்டர் அசந்துபோனார்.

9.40. ஆறாவது லக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார்.

"மோட்டாரை எப்போ நகர்த்தினீங்க?"

"போன வாரம்," என்றார் முதலாளி.

"வயரை மறுபடி மாட்டினது?"

"மச்சினன்தான் பார்த்துக்கிட்டான்."

இன்ஸ்பெக்டர் மச்சினன் பக்கம் திரும்பினார். "அக்கா நசுக்கின அஞ்சு லக் கழுத்திலயும் பள்ளம் இருக்கு. இது கழுத்து வழவழன்னு உருண்டையா இருக்கு. நசுக்கவே இல்லை, ஈயத்தை ஊத்தியிருக்கு. மில் அதிர்வுல ஈயத்தை ஒட்டின கம்பி இழை ஒவ்வொண்ணா அறுந்து, மொத்தக் கரண்டும் மிச்ச இழையில ஓடிச் சூடேறி, ஈயம் உருகி, வயர் கழன்றிருக்கு. இந்தக் கட்டடத்தில ஈயம் வைக்கிறவன் நீ ஒருத்தன்தான் தம்பி."

மச்சினன் தலை தொங்கியது. "நகர்த்தும்போது நுனி அறுந்துடுச்சு மாமா. நீங்க திட்டுவீங்கன்னு அக்காவைக் கூப்பிடல. ஈயம் இன்னும் கெட்டின்னுதான் நினைச்சேன்."

முதலாளி புகாரைக் கிழித்துப் போட்டார். "தப்பு எங்க மேலதாம்மா. அந்த ஒண்ணை மட்டும் மாத்திடுங்க, மில் ஓடட்டும்."

அக்கா பையிலிருந்து நசுக்கும் கருவியை எடுத்தார். "மிச்ச அஞ்சும் நெருப்பில வெந்திருக்கு. ஆறையும் வெட்டிப் புதுசா நசுக்கித்தான் கரண்ட் குடுப்பேன்."

இன்ஸ்பெக்டருக்கு வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா லக் நசுக்குவதைப் பார்க்காமல் போக அவருக்கு மனசில்லை.