பதினான்காம் எண் துப்பாக்கி

காலை 11.40. துப்பாக்கி விளையாட்டுத் திடலின் மரத்தடுப்புக்குப் பின்னால் கணவன் கண்ணைப் பொத்திக்கொண்டு சரிந்தபோது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நடிக்கிறான் என்று நினைத்தாள். காலையில்தான் அவனிடம் புலம்பியிருந்தாள்: "கல்யாண நாளன்னைக்காவது ஒரு தடவ உங்களைச் சுட்டு ஜெயிக்கணும்."

விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது. அவள் சுட்டது பிளாஸ்டிக் குண்டுதான். ஆனால் பாதுகாப்புக் கண்ணாடி உடைந்திருந்தது.

பகல் 2.15. ஆஸ்பத்திரி வராந்தா. அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திடலின் மெக்கானிக், அவளுடைய சொந்தத் தம்பி, பெண் இன்ஸ்பெக்டரின் முன்னால் நின்றான்.

"அந்தத் துப்பாக்கியோட குண்டு வேகம் சோதிச்சியா?"

"காலைல ஒன்பது பத்துக்கு, மேடம். அளவாத்தான் இருந்துச்சு."

"இப்போ ஒண்ணரை மடங்கு காட்டுது. உன்னைத் தவிர யாருக்குக் கழட்டத் தெரியும்?"

தம்பி அக்காவைப் பார்த்தான். "யாருக்கும் தெரியாது."

"அப்போ நீதான் உள்ளே போகணும்."

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"துப்பாக்கி உங்க கையை விட்டுப் போச்சாம்மா?"

"ஆட்டத்துக்கு முன்னால பாட்டரி மாத்தித் தரேன்னு எங்க வீட்டுக்காரர் வாங்கிட்டுப் போனார். அதுக்கு முக்கால் மணி நேரமான்னு கேலிகூடப் பண்ணினேன்."

"கையில என்ன?"

விரல் நீளப் பித்தளைக் குழாய். பக்கவாட்டில் ஓர் ஓட்டை. "அவர் சட்டைப் பையில இருந்துச்சாம். நர்ஸ் கொடுத்தாங்க. விசில்னு நெனச்சு ஊதிப் பார்த்தேன்."

இன்ஸ்பெக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். விளிம்பில் 14 என்று கீறியிருந்தது. அவள் துப்பாக்கியின் எண். தம்பி தலையில் கைவைத்தான்.

"இது என்னன்னு நீயே சொல்லு."

"சிலிண்டர், மேடம். ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காத்தைத் தள்ளும், காத்து குண்டைத் தள்ளும். பிஸ்டன் இந்த ஓட்டையைத் தாண்டற வரைக்கும் காத்து வெளியே போயிடும். மிச்சம்தான் குண்டுக்கு. வேகம் அடங்கியிருக்கத்தான் இதைப் போடறோம்."

"பிரிச்சுப் பார்த்தோம், இப்போ துப்பாக்கிக்குள்ளே இருக்கறதுல ஓட்டையே இல்ல. முழுக் காத்தும் குண்டுக்குப் பின்னால. நீ மாத்தியிருந்தா பழசு உன் பெட்டியில இருக்கும். அவர் பையில இருக்காது." இன்ஸ்பெக்டரின் குரல் தணிந்தது. "மாத்தினது உங்க வீட்டுக்காரர்தாம்மா."

"ஞாயித்துக்கிழமைங்கள்ல என் பக்கத்துல உக்காந்து கழட்டக் கத்துக்கிட்டார்க்கா," என்றான் தம்பி. "மாமாவைப் போய் எப்படிக் காட்டிக்கொடுக்கறது?"

ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஜெயிக்கணும் என்று காலையில் புலம்பியது அவள்தானே.

அறைக்குள்ளிருந்து கணவனின் குரல் கேட்டது. மருந்து மயக்கத்தில் குழறியது.

"ஏய், இன்னைக்கு ஜெயிச்சுட்டல்ல? உள்ளே வாயேன்."

எழுந்தாள். கதவுவரை போய் நின்றாள்.