நல்லா கேக்குது சார்

பரீட்சை தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஏழாம் நம்பர் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆளின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்த டாக்டருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றும் என்றால் ஒன்றும்தான். துடிப்பு இல்லை, மூச்சு இல்லை, வயிறு புரளுகிற சத்தம்கூட இல்லை. குழாய்க்குள் அவர் காதின் இரைச்சல் மட்டும் அவருக்கே திரும்பி வந்தது. நகத்தால் ஸ்டெத்தின் வட்டத்தைத் தட்டிப் பார்த்தார். டொக்கென்று கேட்டது. அப்படியென்றால் குழாயில் கோளாறு இல்லை, கோளாறு தன் காதில்தான்.

பாம்புக்காது என்பது மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர். அது தனக்குத் தெரியாதது போலவே முப்பது வருஷமாக ரசித்து வந்தார். மற்றவர்கள் மெஷினில் படம் எடுத்துக் கண்டுபிடிக்கிற வியாதியை அவர் கட்டிலோரம் நின்று காதால் சொல்லிவிடுவார். அதனாலேயே ஊர் ஊராக மருத்துவக் கல்லூரிகளில் பரீட்சை நடத்தக் கூப்பிட்டார்கள். அதனாலேயே யாரையும் மனுஷனாக மதிக்காமல் காலம் தள்ளவும் முடிந்தது. இரண்டு வருஷமாகத் தாழ்ந்த சத்தங்கள் சரியாகக் கேட்பதில்லை. வீட்டில் மனைவி பேசுவது பாதிதான் காதில் விழுந்தது, அதில் பெரிய நஷ்டமில்லை என்று இருந்துவிட்டார். ஆனால் வேலையில்? முகம் தெரியாத ஒரு காது டாக்டரிடம் பொய்ப் பெயர் சொல்லிக் காட்டினார். மெஷின் மாட்டிக்கொள்ளச் சொல்லி அவன் எழுதிக் கொடுத்த சீட்டை மாடிப்படி இறங்குவதற்குள் கிழித்துப் போட்டார். பாம்புக்காது செவிடு என்று ஒருத்தனுக்குத் தெரிந்தால் போதும், முப்பது வருஷம் அவர் சிரித்த சிரிப்பை எல்லாம் மற்றவர்கள் வட்டியோடு சிரித்துத் தீர்ப்பார்கள்.

"என்ன சார், இந்த வருஷமும் நல்லா உறுமுதா?" என்று கட்டிலில் இருந்தவன் கேட்டான்.

வால்வு அண்ணன் என்று அவனுக்கும் ஒரு பெயர் இருந்தது. இதயத்தின் இடப்பக்க வால்வு சுருங்கிப் போனவன். வருஷா வருஷம் பரீட்சைக்கு வந்து சட்டையைக் கழற்றி உட்காருவான். மாணவர்கள் அவன் நெஞ்சைக் கேட்டு வியாதியைச் சொல்ல வேண்டும். தன் நெஞ்சில் என்னென்ன கேட்கும் என்று எந்தப் பேராசிரியரையும்விட அவன் அழகாக ஒப்பிப்பான்.

"உறுமுது, உறுமுது" என்றார் டாக்டர் எரிச்சலாக. முதல் ஒலி உரக்க, அதற்கடுத்து ஒரு சொடுக்கு, பிறகு தாழ்ந்த உறுமல் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதும்போது அவன் தோளில் கை பட்டது. ஜில்லென்று இருந்தது. ஃபேனுக்கு அடியில் சட்டையில்லாமல் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும்.

பத்து மணிக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். வார்டு முழுக்க ஃபினாயில் வாடை. அதோடு புது வெள்ளைக் கோட்டின் கஞ்சி வாடையும், பயத்தில் வியர்த்த அக்குள் வாடையும் கலந்து அவருக்குக் குமட்டியது. வந்தவர்கள் எல்லாம் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிற தத்திகள். ஒருத்தன் ஸ்டெத்தைத் தலைகீழாக மாட்டினான். இன்னொருத்தன் நாடி பார்க்கிறேன் என்று தன் கட்டைவிரலின் துடிப்பையே எண்ணிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அந்தக் கல்லூரியின் பேராசிரியர் உட்கார்ந்து, டாக்டர் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்கு அது ஒன்றுதான் வரும்.

ஆனால் ஆறு பேருக்கும் கேட்டது. முதல் ஒலி உரக்க இருக்கு சார், சொடுக்கு கேக்குது சார், அப்புறம் பாத்திரத்துல கூழாங்கல் உருள்ற மாதிரி உறுமல் சார் என்று ஆறு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒவ்வொருத்தன் சொல்லும்போதும் டாக்டரின் காதுமடல் சூடானது. இந்தத் தடிமாடுகளுக்குக் கேட்பது தனக்குக் கேட்கவில்லை என்ற ஆத்திரத்தில் அவர்களை இன்னும் கேவலமாகத் திட்டினார்.

ஏழாவதாக வந்தவள் ஏற்கனவே இரண்டு தடவை ஃபெயிலானவள். பேராசிரியர் அவர் பக்கம் சாய்ந்து, இது மூணாந்தடவைக்காரி சார், கொஞ்சம் மந்தம் என்றார். அவள் அவசரப்படவில்லை. உள்ளங்கையில் ஸ்டெத்தைத் தேய்த்துச் சூடாக்கி வைத்தாள். வால்வு அண்ணன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தான், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிக் கேட்டாள், எழுந்து நாலு நடை நடக்கச் சொல்லிக் கேட்டாள், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவள் உதடு வெளுத்துப்போனதை டாக்டர் பார்த்தார்.

"ஒண்ணும் கேக்கலை சார்" என்றாள்.

பேராசிரியர் சங்கடமாகச் சிரித்தார். டாக்டருக்கு நெஞ்சுக்குள் ஒரு குதி குதித்தது. இவளுக்கும் கேட்கவில்லையா? ஒரு நொடி, ஒரே ஒரு நொடிதான். தாளில் அவர் கையெழுத்து இருந்தது.

"தோடு மாட்டத்தான் காதா?" என்றார்.

அவள் கண் கலங்கியது, சொன்னதை மாற்றவில்லை. நாடியும் கிடைக்கலை சார் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வால்வு அண்ணனும் சிரித்தான். நாடி இல்லாதவன்தான் இப்படிப் பல்லைக் காட்டுறானா என்று டாக்டர் கேட்டு, அவள் பார்க்கிற மாதிரியே பூஜ்யம் போட்டார். இந்தத் தொழிலுக்கு வராமல் வேறு ஏதாவது பிழைப்பைப் பார் என்றும் சொன்னார். அவள் பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனவள் திரும்பினாள்.

"நீங்க ஒரு தடவை வெச்சுப் பாருங்க சார்."

"காலையிலயே பாத்தாச்சு. வெளிய போ."

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ரிசல்ட் சொல்லவேண்டும். பசியில்லை என்று டாக்டர் தங்கிவிட்டார். உண்மையில் அவருக்குத் தன் காதைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. எட்டாம் கட்டிலில் நுரையீரல் காற்றில் ஊதிப்போன ஒரு கிழவர் குறட்டைவிட்டுத் தூங்கினார். அவர் நெஞ்சில் வைத்தார். வெகுதூரத்தில் என்றாலும் துடிப்பு கேட்டது, மூச்சு கேட்டது. ஆறாம் கட்டிலில் ஆஸ்துமாக்காரர். உள்ளே விசில் விசிலாகக் கேட்டது, நடுவில் லப் டப், லப் டப். டாக்டர் நிம்மதியாக மூச்சு விட்டார். காது அவ்வளவு மோசமில்லை.

பிறகுதான் உறைத்தது.

ஏழாம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். வால்வு அண்ணன் சட்டை போடாமல், காலைத் தொங்கவிட்டு, காலையிலிருந்து இருந்த அதே இருப்பில் இருந்தான். அவன் தண்ணீர் குடித்தோ எழுந்து வெளியே போயோ அவர் பார்க்கவில்லை. ஆறு பேரும் சொன்ன அந்தக் கூழாங்கல், பாத்திரம், அந்த வார்த்தைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவை இவன் சொல்லிக் கொடுத்தவை. ஒரு பயலுக்கும் எதுவும் கேட்கவில்லை. பொய் சொல்லியிருக்கிறான்கள். தான் சொன்ன அதே பொய்யை.

டாக்டர் போய் ஃபேனை நிறுத்தினார். இறக்கைகள் சுற்றி ஓய்ந்தன. குழாயடியில் சொட்டுகிற தண்ணீர் கேட்டது. கிழவரின் குறட்டை கேட்டது. ஸ்டெத்தை வைத்தார்.

ஒன்றுமில்லை.

மணிக்கட்டு. இல்லை. கழுத்து. இல்லை. இடது கை விரலை நெஞ்சில் பதித்து வலது விரலால் தட்டினார். இதயம் இருக்கிற இடத்தில் சத்தம் மந்தமாக வரவேண்டும். காலி டின்னைத் தட்டியது போல வந்தது. பக்கத்தில் தட்டினார், அங்கும் காலி. முதுகுப்பக்கம் போனார். உள்ளங்கையைப் பதித்தார்.

"ஒண்ணு ஒண்ணுன்னு சொல்லு."

"ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு" என்றான் அவன், கணீரென்று.

எந்த மனிதன் பேசினாலும் முதுகு அதிரும். இது அதிரவில்லை. சுவரில் கை வைத்தது போல இருந்தது. குரல் வாயில் மட்டும் இருந்தது, கீழே அதற்கு வீடே இல்லை. டாக்டர் கையை எடுக்கப் பார்த்தார், எடுக்க முடியவில்லை.

"எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டார். அவர் குரல் அவருக்கே கேவலமாகக் கேட்டது.

"தெரியலை சார். யாரும் சொல்லலையே." அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "இருக்குன்னு எழுதிக் குடுக்குறீங்க. அதை நம்பித்தான் நானும் நடமாடுறேன். இந்தத் தடவை எனக்கே சந்தேகமா இருந்துச்சு. அந்தப் பொண்ணு வேற அப்படிச் சொல்லிடுச்சு. அப்புறம் பாத்தா, நீங்க எழுதியிருக்கீங்க. உங்களை மாதிரி பெரிய ஆளு கையெழுத்துப் போட்டா, அது எங்கிருந்தாவது வந்துதானே சார் ஆகணும்?"

உள்ளங்கைக்குக் கீழே முதுகு ஒரு தடவை அதிர்ந்தது.

மறுபடி அதிர்ந்தது.

டாக்டர் ஸ்டெத்தை அங்கேயே வைத்தார். கேட்டது. உரக்கக் கேட்டது. இத்தனை தெளிவாக அவர் இரண்டு வருஷமாக எதையும் கேட்டதில்லை. சுருங்கிய வால்வு இல்லை, உறுமல் இல்லை. நல்ல இதயம், சதை போட்ட, ஐம்பத்தெட்டு வயசு இதயம். பன்னிரண்டு துடிப்புக்கு ஒன்று தடுக்கி, பிறகு சமாளித்துக்கொண்டு ஓடியது. அந்தத் தடுக்கல் அவருக்குத் தெரியும். ராத்திரி இடப்பக்கம் படுத்தால் தன் தலையணையில் கேட்கிற தடுக்கல்.

தன் மணிக்கட்டைப் பிடித்தார்.

இல்லை.

கழுத்தைப் பிடித்தார். அழுத்திப் பிடித்தார். இல்லை.

வால்வு அண்ணன் எழுந்து சட்டையை மாட்டினான். நிதானமாகப் பட்டன் போட்டான். முகம் சிவந்திருந்தது, கழுத்து நரம்பு தெறித்துக்கொண்டிருந்தது. டாக்டரை மேலும் கீழும் பார்த்தான். அவர் மாணவர்களைப் பார்க்கிற அதே பார்வை. "உடம்பைப் பாத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து போய்விட்டான்.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் திரும்பி வந்தபோது டாக்டர் ஏழாம் கட்டிலில் சட்டையைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். பேசுவதற்கு மட்டும்தான் மூச்சு இழுக்க வேண்டியிருந்தது, மற்ற நேரத்தில் தேவைப்படவில்லை.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடு" என்றார்.

"நீங்கதான் ஃபெயில் பண்ணிட்டீங்களே சார், அவ அப்பவே பஸ் ஏறிட்டா" என்றார் பேராசிரியர். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஏதோ விசேஷப் பாடம் என்று நினைத்து, ரிசல்ட்டுக்காகக் கூடியிருந்த மற்ற வார்டு மாணவர்களையும் சேர்த்து வரிசையில் நிற்கச் சொன்னார்.

சரி, இவர்களாவது. இத்தனை காதில் ஒரு காதாவது. "வெச்சுக் கேளுங்க. என்ன கேக்குதோ அதை மட்டும் சொல்லுங்க. யாரையும் ஃபெயில் பண்ண மாட்டேன்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கெஞ்சினார்.

முதலில் வந்தவன் ஸ்டெத்தை வைத்தான். வட்டம் பட்டது அவருக்குத் தெரியவில்லை. அவன் கண்ணை மட்டும் பார்த்தார். கண் ஒரு கணம் விரிந்தது. அவன் காதில் குழாயைச் சரிசெய்துகொண்டான். மறுபடி வைத்தான். நிமிர்ந்து பேராசிரியரைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், பூஜ்யம் போட்ட அந்தக் கையைப் பார்த்தான்.

"நல்லா கேக்குது சார்."

"பொய். நல்லா கேளு."

"ரொம்ப நல்லா கேக்குது சார்" என்றான் அவன், இன்னும் சத்தமாக.

அடுத்தவன் வந்தான். கண் விரிந்தது. "நல்லா கேக்குது சார்." அதற்கடுத்தவள். அதற்கடுத்தவன். டாக்டர் கத்தினார். கத்தக் கத்த அவர்கள் நடுங்கினார்கள், நடுங்கிக்கொண்டே இன்னும் அழகாக ஒப்பித்தார்கள். பேராசிரியர் தலையாட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொண்டார். திறந்த சட்டைக்குள் நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வரிசை கதவைத் தாண்டி வராந்தாவரை நின்றது. அடுத்த பையன் வந்து குனிந்தான்.