ஐந்து மணிக்குத் திறக்கும் பெட்டகம்

"ஹலோ மிஸ்டர்! அந்த பிளக்கைத் தொட்டீங்க... அவ்வளவுதான்!"

ஹரிகிருஷ்ணனின் கை அந்தரத்தில் நின்றது.

வெளியே மழை. மும்பை மழை! கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் ஆழத் தண்ணீர். பஸ் இல்லை, ரயில் இல்லை. ஒதுங்க இடம் தேடி மாட்டுங்காவின் அந்தச் சின்ன உடுப்பி ஹோட்டலுக்குள் ஓடி வந்தவனை, சர்வர் நாணு காலியாகக் கிடந்த ஒரே நாற்காலியில் தள்ளிவிட்டுப் போயிருந்தார். எதிரே இருப்பது ஆணா பெண்ணா, தெரிந்தவரா தெரியாதவரா... மாட்டுங்கா ஹோட்டல்களில் அந்தக் கேள்வியே கிடையாது. காலி நாற்காலி என்றால் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

"லேப்டாப்புல சார்ஜ் நாலு பர்சென்ட்தான் இருக்கு. ஒரு பத்து நிமிஷம் மட்டும்..." என்றான் கெஞ்சலாக.

"என் லேப்டாப் பாட்டரி செத்து ஆறு மாசமாச்சு. பிளக்கைப் பிடுங்கினா இதுவும் செத்துரும். பரவாயில்லையா?"

எதிரே இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

கண்களா அவை! எதிரே இருப்பவனை வரி வரியாகப் படித்து, பிழை எந்த வரியில் என்று ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடும் கண்கள். ஈர முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. அதை ஒதுக்கக்கூட நேரமில்லாமல் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஹரியின் பார்வை தற்செயலாக... சரி, தற்செயலாக இல்லை... அவள் திரையில் விழுந்தது. அட! அவனுக்கு நன்றாகத் தெரிந்த கம்ப்யூட்டர் மொழியில் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க... டீஃபை கோடு படிக்கறேளா?"

"எட்டிப் பாக்குறது தப்பு."

"தப்புதான். இருந்தாலும் கேக்கறேன்."

சிரித்துவிட்டாள். பெயர் செண்பகவல்லி. தாராவிக்காரி. அப்பா தளவாய்க்குப் பதிமூணாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் பட்டறை. இவள் காலையில் ஒரு கூரியர் ஆபீஸில் வேலை. மதியத்துக்கு மேல் வேட்டை.

வேட்டை என்றால் பிழை வேட்டை. பாங்க் இல்லை, மேனேஜர் இல்லை. வெறும் கோடு மட்டுமே காவல் காக்கிற பணப்பெட்டகங்கள் இன்டர்நெட்டில் இருக்கின்றன; டீஃபை என்று பேர். அந்தக் கோடில் ஓட்டை இருந்தால் திருடன் நுழைவதற்கு முன் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குப் பரிசு. பக் பவுண்டி.

"வீட்டுல வைஃபை கிடையாது. இங்கன ரெண்டு காபிக்கு மூணு மணி நேரம் வைஃபையும் கரண்டும் ஃப்ரீ. நாணு அண்ணன் கண்டுக்க மாட்டாரு" என்றவளின் முகம் சட்டென்று வாடியது. "ஆனா இன்னிக்கு என்னத்தப் படிச்சும் பிரயோஜனம் இல்ல. பெரிய ஓட்டை ஒண்ணைக் கண்டுபிடிச்சு அனுப்பினேன். மூடிட்டானுவ."

"யாரு?"

"பேர் சொல்லக்கூடாது, ரூல். அங்க ரிப்போர்ட் படிக்கிற மகராசன் ஒருத்தன் இருக்கான். ரெண்டே நிமிஷம்! 'தங்கள் ஆர்வத்திற்கு நன்றி. இது ஏட்டளவில் மட்டுமே சாத்தியம். ஏற்கெனவே காப்பு உள்ளது.' அவ்வளவுதான். கதவைச் சாத்திட்டான். அந்த ஆளு மட்டும் என் கையில கிடைச்சான்... இந்த சாம்பாரைத் தலையில ஊத்திருவேன்!"

ஹரி, நாணு கொண்டுவந்து வைத்த காபியை வடைத் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தான்.

அந்த மூன்று வாக்கியங்கள்... அவன் எழுதியவை! அந்த மகராசன் அவன்தான். ஒரு நாளைக்கு நூறு ரிப்போர்ட் வரும். தொண்ணூறு, இயந்திரத்தை விட்டு எழுதவைத்த குப்பை. பளபளவென்று இங்கிலீஷ் இருந்தாலே குப்பை என்று கண் பழகிவிட்டது. காப்பி, பேஸ்ட், மூடு. அப்படி மூடினதில் ஒன்று...

"அப்படி என்ன ஓட்டை?" என்று கேட்டான்.

அவள் காலிக் கிண்ணம் ஒன்றை நடுவே இழுத்தாள். தட்டில் இருந்த மெதுவடைகளையும் இழுத்தாள். அதில் ஒன்று அவனுடையது!

"இதான் பெட்டகம். நீங்க போடுறதுக்குத் தக்கன பங்குச் சீட்டு தரும். ஆனா முழுச் சீட்டுதான். கால், அரைன்னு வந்தா வெட்டிப் போட்டுரும். புரியுதா?"

"புரியறது."

வடையின் ஒரு துணுக்கைக் கிள்ளிக் கிண்ணத்தில் போட்டாள். "நான்தான் முதல் ஆளு. துணுக்குக்கு ஒரு சீட்டு. இப்ப சீட்டே கேக்காம, நான்பாட்டுக்கு ஒரு முழு வடையைத் தூக்கி உள்ள போடுதேன். என் ஒத்தைச் சீட்டோட மதிப்பு?"

"ஒரு வடை... ஒரு துணுக்கு."

"அடுத்து நீங்க வாரீங்க. ஒரு முழு வடை போடுதீங்க. ஒரு சீட்டு வாங்க ஒரு துணுக்கு குறையுது. உங்களுக்கு முக்காலே மூணு வீசம் சீட்டு. அதைக் கோடு என்ன செய்யும்?"

"வெட்டிடும்... பூஜ்யம்."

"உங்க வடை?"

"கிண்ணத்துல."

"கிண்ணத்துக்கு இருக்கிற ஒரே சீட்டு?"

"உங்ககிட்ட."

"அப்ப ரெண்டு வடையும் எனக்கு!" என்று அவன் வடையை எடுத்துக் கடித்தாள்.

"இது பழைய வித்தை. எல்லாரும் இதுக்குப் பூட்டு போட்டுடுவாளே..."

"முன்வாசல்ல போட்டிருக்கானுவ. இன்னிக்கு அஞ்சு மணிக்குப் புதுப் பெட்டகம் திறக்குது. பழைய பெட்டகத்துல இருக்கிறவங்க காசை மாத்திக்கிட ஒரு பின்வாசல் வச்சிருக்கானுவ. அங்கன பூட்டே இல்ல! அப்பா பட்டறையில எடை போடும்போது கிலோவுக்குக் கீழ தொங்குற கிராமெல்லாம் எங்க போகுதுன்னு பாத்து வளர்ந்தவ நான். எந்தக் கோடைப் பாத்தாலும் அந்தத் துணுக்கு எங்க விழுதுன்னுதான் முதல்ல பாப்பேன்."

மூன்று பெரிய கம்பெனிகள் அலசிய கோடு. அவனே முந்நூறு தடவை படித்த கோடு. அதில் யாரும் பார்க்காத கதவை, செத்த பாட்டரி லேப்டாப்பும் இரண்டு காபியுமாக ஒருத்தி... கோயில் கோபுரத்தை முதல் தடவை அண்ணாந்து பார்க்கும் குழந்தையைப் போல அவளையே பார்த்தான்.

"நீங்களே... எடுத்துண்டிருக்கலாமே? யாருக்கும் தெரியாதே?"

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "மூவாயிரம் பேரு காசு. யாருன்னே தெரியாது. தெரியாதவங்கன்னா எடுத்துரலாமா? ரெண்டு தடவை திரும்ப எழுதினேன். ஸ்பாம்னு முத்திரை குத்திட்டானுவ. வெளிய சொன்னாலும் திருடன் காதுல விழும்..." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி மூணே முக்கால். பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும்."

அவன் எழுந்தான். "செண்பகவல்லி... அஞ்சு நிமிஷம் பிளக் தரேளா? ரொம்ப அவசரம்."

அவன் முகத்தில் எதைக் கண்டாளோ... பேசாமல் தன் ஒயரைப் பிடுங்கினாள். அவள் திரை அணைந்தது.

அவளுக்குத் தெரியாதபடி தன் திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு, அவள் ரிப்போர்ட்டோடு அனுப்பியிருந்த சோதனையை ஓட்டினான் ஹரி. முதல் ஆள் ஒன்று போட்டான்; பிறகு சீட்டு கேட்காமலே ஒன்பதாயிரத்தைத் தூக்கி உள்ளே போட்டான். இரண்டாம் ஆள் ஒன்பதாயிரம் போட்டான். இரண்டாம் ஆளின் சீட்டு...

பூஜ்யம்.

தாழ்வாரத்துக்கு ஓடினான். சாரல் முகத்தில் அறைந்தது. மேலதிகாரி ஷர்மிளாவுக்குப் போன்.

"மேடம், அஞ்சு மணித் திறப்பை நிறுத்துங்கோ."

"ஹரி, விளையாடறியா? மூணு மாசமா விளம்பரம் பண்ணியிருக்கோம்!"

"பின்வாசல் திறந்திருக்கு. ஒரு ரிப்போர்ட் வந்தது. இப்போ ஓட்டிப் பார்த்தேன். நிஜம்."

"வந்ததா? எப்போ? யார் மூடினது?"

ஒரு நொடி. ஒரே ஒரு நொடி... தவறுதலாக மூடிவிட்டது என்று மொட்டையாகச் சொல்லலாம். யாரும் தோண்டப் போவதில்லை.

"நான்தான் மேடம். ஓட்டிப் பார்க்காம மூடினேன்."

நாலு இருபதுக்குத் திறப்பு நிறுத்தப்பட்டது.

அவன் திரும்பி வந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் போன், கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. "திறந்துட்டாங்க! என் ரிப்போர்ட்டைத் திரும்பத் திறந்துட்டாங்க! எந்தப் புண்ணியவானோ படிச்சிருக்கான்!"

அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிடலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது. நாளைக்கும் இதே மேஜை, இதே கண்கள்... ஹரி அவள் எதிரே போய் நின்றான்.

"புண்ணியவான் இல்லை. மூடினவனும் நான், திறந்தவனும் நான். இங்கிலீஷ் அவ்வளவு பளபளன்னு இருந்ததால, மெஷின் எழுதின குப்பைன்னு நெனச்சுட்டேன்."

சிரிப்பு நின்றது. சாம்பார்க் கிண்ணத்தின் பக்கம் அவள் பார்வை போயிற்று. அதை அவள் தொடவில்லை. தொட்டிருந்தால்கூடத் தேவலை.

"எனக்கு இங்கிலீஷ் வராது ஸார். வெக்கப்பட்டு, ஏஐகிட்ட குடுத்து இஸ்திரி போட்டு அனுப்பினேன். இங்கிலீஷ் கோணலா இருந்தா சிரிப்பீங்க... நேரா இருந்தா நம்ப மாட்டீங்க. நாங்க எப்படித்தான் எழுதணும்?"

லேப்டாப்பை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் கம்பெனி வெளியிட்ட அறிக்கையை ஹரியே எழுதினான். 'ஓட்டையைக் கண்டவர் செண்பகவல்லி. ஓட்டிப் பார்க்காமல் மூடியவன் ஹரிகிருஷ்ணன்.' புனைபெயர்களுக்குப் பின்னால் எல்லோரும் ஒளிந்துகொள்ளும் அந்த உலகத்தில் முழுப் பெயர் போட்டு எழுதினான். கேலி செய்தார்கள். தாங்கிக்கொண்டான். அவளிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தை இல்லை...

பத்தாம் நாள் அந்த ரிப்போர்ட்டின் கீழேயே ஒரு வரி வந்தது. தமிழில்.

'பரிசு வந்திருக்கு. அப்பா நம்ப மாட்டேங்காரு. ஆன்லைன் ஃப்ராடுன்னு போலீசுக்குப் போகப் போறாராம். கம்பெனியிலேர்ந்து யாராவது வந்து சொல்லணும். யாராவதுன்னா... நீங்க.'

பதிமூணாம் காம்பவுண்டில் அரைவை மெஷின் காதைப் பிளந்துகொண்டிருந்தது. ஹரியைக் கண்டதும் தளவாய் அதை நிறுத்தினார்.

"வாரும் தம்பி. கம்பெனிக்காரரோ? ஓடிபி கேப்பீரோ?"

"கேக்க மாட்டேன் மாமா."

"மாமாவா! ஏட்டி, வந்ததும் மாமாங்காரு, கேட்டியா?" பின்னால் நின்ற செண்பகவல்லி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். "சும்மா எவனாவது இம்புட்டு ரூபா குடுப்பானா? என்ன செஞ்சா இவ?"

ஹரி மூச்சை இழுத்துக்கொண்டான். "மூவாயிரம் பேர் காசைக் காப்பாத்தினா. படிச்சவா யாருக்கும் தெரியாத ஓட்டை, இவ கண்ணுக்குத் தெரிஞ்சது. இவ சொன்னப்போ நான் நம்பலை. ஓட்டிப் பார்க்காமலே தள்ளிட்டேன். தப்பு என்னோடது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

தளவாய் நீலத் தூள் படிந்த கையை லுங்கியில் துடைத்தார்.

"நீராவது ஒரு நாள்தான் நம்பலை. நான் ஒரு வருஷமா... பொட்டப்புள்ள பொழுதன்னிக்கும் பொட்டியத் தட்டுதாளேன்னு ஏசிக்கிட்டுல்லா கெடந்தேன்." சட்டென்று திரும்பி மெஷினைப் போட்டுவிட்டார். அந்தப் பேரிரைச்சலில் அவர் மூக்கை உறிஞ்சியது யாருக்கும் கேட்கவில்லை.

இருவரும் வெளியே வந்து சந்து முனையில் நின்றார்கள். பூந்தூறல்.

"அறிக்கையைப் படிச்சேன்" என்றாள். "முழுப் பேரையும் போட்டுக்கிட்டீங்க. கிறுக்கா உங்களுக்கு?"

"கொஞ்சம்."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இங்கிலீஷ்ல எழுதி, இஸ்திரி போட்டு அனுப்பிரலாம்னுதான் பாத்தேன்... மனசு வரல." கண்களை நேராக அவன் கண்களில் வைத்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

தூறல் விழுந்துகொண்டே இருந்தது.

"என்ன, சும்மா நிக்கீங்க? மூடிட்டீங்களா?"

"ஐயோ, இல்லை!" என்றான் பதறி. பிறகு மெதுவாக, "ஓட்டிப் பார்க்கணும் செண்பகா... ஆனா இந்த ஒண்ணை மட்டும் ஓட்டி முடிக்க, ஆயுசு பூரா ஆகும் போலிருக்கு."